பள்ளி ஓவிய வகுப்புக்கு எதை வாங்கலாம், எதை விடலாம்: பொருள்வாரியாக ஒரு மதிப்பீடு

ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது ஸ்டேஷனரி கடைகளில் முன்வரிசையில் அடுக்கியிருப்பது 24 நிற, 36 நிறப் பெட்டிகள். பள்ளி தரும் பட்டியலும் பெரும்பாலும் "கலர் பாக்ஸ் 1, டிராயிங் நோட் 1" என்ற அளவில் முடிந்துவிடும். இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு எந்த டிராயிங் மாஸ்டராலும் உருப்படியாக வகுப்பு நடத்த முடியாது. ஓவியப் பாடத்தால் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்பதில் பாதி, அதன் கையில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதனால் கீழே வரும் ஒவ்வொரு பொருளையும் ஒரே கேள்வி வைத்துத்தான் எடை போட்டிருக்கிறேன்: இதைக் கையில் கொடுத்தால் பிள்ளை எதைக் கற்கும்?

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிட வேண்டும். "ஓவியம் வரைந்தால் கணக்கில் மார்க் கூடும்" என்று சொல்லித்தான் பல இடங்களில் ஓவிய வகுப்பை விற்கிறார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் புராஜெக்ட் ஜீரோ என்ற கல்வி ஆய்வுக் குழுவைச் சேர்ந்த எல்லன் வின்னரும் லோயிஸ் ஹெட்லாண்டும் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்துவிட்டு, ஓவியம் கற்பதால் மற்றப் பாடங்களில் மதிப்பெண் உயர்கிறது என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை என்று 2000-இலேயே சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர்களே ஓவிய வகுப்பறைகளுக்குள் போய் அங்கே உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்த்தபோது கண்டது வேறு. கூர்ந்து பார்ப்பது, மனதில் உருவம் கட்டுவது, விடாமல் ஒரு வேலையில் நிற்பது, செய்ததைத் தானே திரும்பப் பார்த்துத் திருத்துவது ஆகியவை அங்கே கற்பிக்கப்படுகின்றன. இவை போதும். கணக்கு மார்க்கைக் காட்டித்தான் ஓவியத்துக்கு வகுப்பில் இடம் பிடிக்க வேண்டும் என்ற நிலை வேண்டாம். 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பே பத்தாம் வகுப்பு வரை கலைக்கல்வி கட்டாயப் பாடமாக இருக்க வேண்டும் என்று சொன்னது.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளுக்கும் உதவி பெறும் பள்ளிகளுக்கும் ஒரு வசதி இருக்கிறது. 1, 2 வகுப்புகளுக்குக் கிரேயானும், 3 முதல் 5 வரை கலர் பென்சிலும், ஆறாம் வகுப்பில் கணித உபகரணப் பெட்டியும் விலையில்லாமல் கிடைக்கின்றன. எனவே பள்ளி தன் பணத்தில் மறுபடியும் கிரேயான் வாங்க வேண்டியதில்லை. இல்லாதவற்றை வாங்க வேண்டும். இல்லாதவை நான்கு: மென்மையான பென்சில், கெட்டித் தாள், நல்ல பிரஷ், கலக்கக்கூடிய வண்ணம்.

பென்சில்

எழுதும் பென்சில் எச்பி. ஓவியத்துக்கு அது மட்டும் இருந்தால் போதாது. பென்சில் முனை கிராஃபைட்டும் களிமண்ணும் சேர்ந்தது. களிமண் கூடினால் கெட்டியாகி வெளிர் கோடு விழும், கிராஃபைட் கூடினால் மென்மையாகிக் கருங்கோடு விழும். எச்பி வைத்து நிழல் போடச் சொன்னால் அது நடுத்தரச் சாம்பல் வரை போய் நின்றுவிடும். அதற்கு மேல் கருமை வேண்டி பிள்ளை அழுத்தும். தாளில் பள்ளம் விழும், அழித்தாலும் தடம் போகாது, பின்பக்கமும் பாழாகும். "என் பிள்ளைக்கு ஷேடிங் வரவில்லை" என்று சொல்லும் பெற்றோர் முதலில் பார்க்க வேண்டியது பென்சிலின் மேல் எழுதியிருக்கும் எழுத்தைத்தான்.

ஆறாம் வகுப்பு முதல் ஒவ்வொரு பிள்ளைக்கும் எச்பி ஒன்றும் 4பி ஒன்றும் இருந்தால் போதும் (பி-க்கு முன்னால் உள்ள எண் கூடக் கூட முனை மென்மை, கோடு கருமை). எச்பியில் உருவக்கோடு, 4பியில் நிழல். 2பி முதல் 10பி வரை அடுக்கிய டப்பா செட் பள்ளிக்குத் தேவையில்லை. 6பியும் 8பியும் ஷார்ப்னரில் அடிக்கடி உடையும், கை பட்டால் தாள் முழுக்கக் கரி பூசும். அப்சரா, கேமல், டோம்ஸ், ஃபேபர்-காஸ்டெல் எல்லாவற்றிலும் 4பி கிடைக்கிறது. தனித்தனியாகக் கேட்டு வாங்கினால் செட்டை விடச் சிக்கனம். கீழே விழுந்த பென்சில் உள்ளுக்குள் துண்டு துண்டாக முறிந்திருக்கும். சீவச் சீவ முனை கழன்று வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், எனவே பென்சில்களை டப்பாவில் கொட்டி வைக்காமல் துணிப்பையில் வைக்கச் சொல்லுங்கள்.

பென்சில் கற்றுக்கொடுப்பது பார்ப்பதை. ஒரு செம்பருத்தி இலையைப் பார்க்காமல் வரையச் சொன்னால், வகுப்பில் பெரும்பாலோர் மாவிலை போல ஒரு வடிவம் போட்டு, நடுவில் நேர்க்கோடு இழுத்து, இருபுறமும் ஜோடி ஜோடியாக நரம்பு போடுவார்கள். பிறகு ஆளுக்கொரு இலையைக் கையில் கொடுத்துப் பதினைந்து நிமிடம் வரையச் சொல்லுங்கள். இலையின் விளிம்பில் பல் இருக்கிறது, ஆனால் காம்புக்குப் பக்கத்தில் இல்லை. அடியிலேயே நடுநரம்போடு இன்னும் இரண்டு நரம்பு கிளம்புகின்றன. மற்ற நரம்புகள் எதிரெதிராக இல்லாமல் முன்பின்னாக வருகின்றன. இவற்றை யாரும் சொல்லாமலே பிள்ளை கண்டுபிடிக்கும், ஏனென்றால் கோடு போட வேண்டுமானால் முதலில் பார்த்தாக வேண்டும். பத்தாம் வகுப்பு அறிவியலில் பூவின் நெடுக்குவெட்டை மனப்பாடமாக வரையும் பிள்ளைக்கும், பூவைப் பிளந்து பார்த்து வரைந்த பிள்ளைக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது.

பென்சிலையே அளவுகோலாகப் பிடிக்கவும் பழக்க வேண்டும். கையை முழுதாக நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சில் நுனிக்கும் கட்டைவிரலுக்கும் இடையில் பொருளின் அகலத்தைப் பிடித்து, அது உயரத்தில் எத்தனை முறை போகிறது என்று எண்ணுவது. முழங்கை மடங்கவே கூடாது. மடங்கினால் கண்ணுக்கும் பென்சிலுக்கும் உள்ள தூரம் மாறி, அளவு ஒவ்வொரு முறையும் வேறாக வரும். விகிதம் என்ற கணக்குப் பாடம் கைக்கு வரும் இடம் இது. மார்க் கூடுமா என்பது வேறு விஷயம். குடத்தின் வாய் அகலத்தைப் போல வயிறு எத்தனை மடங்கு என்று பிள்ளை அளந்து சொல்லும்.

ரப்பரைப் பற்றி ஒரு சேதி. வெள்ளை பிவிசி ரப்பரைப் பிளாஸ்டிக் ஸ்கேலோடு சேர்த்து வைத்தால் இரண்டும் ஒட்டிப்போகும். ரப்பரை மென்மையாக்கச் சேர்த்த ரசாயனம் ஸ்கேலுக்குள் இறங்குவதால் அப்படி ஆகிறது. அட்டை உறையைக் கழற்றாமல் விட்டால் வராது.

தாள்

பள்ளிகள் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான். "டிராயிங் நோட்" என்று விற்கும் பலவற்றின் தாள், கோடில்லாத எழுதும் தாள் மட்டுமே, 70 அல்லது 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு; எண் கூடினால் தாள் கெட்டி). பென்சில் கோட்டுக்குப் பரவாயில்லை. வண்ணம் பட்டால் இழைகள் ஈரத்தில் உப்பித் தாள் நெளியும், நெளிந்த பள்ளத்தில் வண்ணம் தேங்கும், காய்ந்தபின் திட்டுத்திட்டாக விளிம்பு கட்டும். பிரஷால் இரண்டு முறை அதே இடத்தில் தேய்த்தால் தாள் திரியாக உரியும். பிள்ளை தனக்கு வண்ணம் தீட்டத் தெரியவில்லை என்று முடிவு கட்டிவிடும். இதனால்தான் தாளை நான் பென்சிலை விடவும் முக்கியமாக நினைக்கிறேன்.

என் தேர்வு 130 முதல் 150 ஜிஎஸ்எம் வரையிலான கார்ட்ரிட்ஜ் தாள், அதாவது ஓவியத்துக்கென்றே வரும் கெட்டித் தாள். பென்சில், ஆயில் பேஸ்டல், போஸ்டர் கலர் மூன்றையும் தாங்கும். வாட்டர் கலருக்கு மட்டும் 200-க்கு மேல் இருந்தால் நல்லது. 300 ஜிஎஸ்எம் தாள் அருமையாக இருக்கும், ஆனால் விலை தெரிந்த பிள்ளை பயந்து பயந்து வரையும். வகுப்புக்கு அது வேண்டாம். நோட்டாக வாங்காமல் உதிரித் தாளாக வாங்குங்கள். நோட்டில் அடுத்த பக்கத்தில் வண்ணம் ஒட்டும், நாற்பது பேருடைய படங்களையும் சுவரில் ஒன்றாக மாட்டிப் பேசவும் முடியாது. அந்தப் பேச்சு இல்லாவிட்டால் பாடம் பாதிதான்.

நெளிவுக்குச் செலவில்லாத தீர்வு பரீட்சை அட்டை. ஏ4 தாளின் நான்கு ஓரத்தையும் மாஸ்கிங் டேப்பால் அட்டையில் ஒட்டி, வண்ணம் முழுக்கக் காய்ந்தபின் டேப்பைத் தாளிலிருந்து வெளிப்பக்கமாகச் சாய்த்து மெதுவாக உரித்தால் தாள் சமமாக வரும், நான்கு பக்கமும் சுத்தமான வெள்ளை விளிம்பும் கிடைக்கும். ஈரத்தில் உரித்தால் கிழியும். செல்லோ டேப் வேண்டாம், மேல்தோலோடு வந்துவிடும்.

சார்ட் பேப்பர் சுவரொட்டிக்கும் குழு வேலைக்கும் நல்லது. ஆனால் வழவழப்பான பக்கத்தில் போஸ்டர் கலர் பிடிக்காது, காய்ந்ததும் உதிரும். திருப்பிப் போட்டுச் சொரசொரப்பான பக்கத்தில் தீட்ட வேண்டும். பழுப்புப் பொதிதாளை யாரும் கண்டுகொள்வதில்லை. வெள்ளை, கறுப்பு ஆயில் பேஸ்டல் இரண்டை மட்டும் கொடுத்து அதில் வரையச் சொன்னால், ஒளி எது நிழல் எது என்பது ஒரே பாடவேளையில் விளங்கிவிடும். தாளின் நிறமே நடுத்தர நிறமாக நிற்பதால் பிள்ளைக்கு மீதி இரண்டை முடிவு செய்தால் போதும். புள்ளிக் கோலத்துக்கோ தாளே வேண்டாம். தரையும் சாக்பீஸும் இருந்தால் சமச்சீர் பாடம் நடத்திவிடலாம்.

கிரேயானும் ஆயில் பேஸ்டலும்

கிரேயான் மெழுகு. கெட்டி, வண்ணச்சத்து குறைவு, ஒரு நிறத்தின் மேல் இன்னொன்று ஏறாது, வழுக்கும். ஒன்றாம் இரண்டாம் வகுப்புக்கு அதுவே போதும், விரல் பிடி உறுதியாகும். தடித்த குச்சியாக இருந்தால் நல்லது.

மூன்றாம் வகுப்பிலிருந்து ஆயில் பேஸ்டலுக்கு மாறலாம். இதில் உலராத எண்ணெய் சேர்ந்திருப்பதால் நிறம் செறிவாக விழும், ஒன்றின் மேல் ஒன்று கலக்கும். அந்த எண்ணெய்தான் இதன் குறையும். படம் எத்தனை மாதமானாலும் முழுக்கக் காயாது. அடுக்கி வைத்தால் ஒன்றிலிருந்து மற்றதற்கு ஒட்டும். இடையில் பட்டர் பேப்பர் வைத்தே ஆக வேண்டும். சித்திரை வெயிலில் பெட்டியை ஜன்னலோரம் விட்டால் குச்சிகள் குழைந்துவிடும்.

12 நிறப் பெட்டியே என் பரிந்துரை. 50 நிறப் பெட்டியில் பிள்ளை பொருத்தமான பச்சையைத் தேடிக்கொண்டிருக்கும். 12 நிறத்தில் மஞ்சளைப் போட்டு அதன் மேல் நீலத்தை ஏற்றிப் பச்சையைச் செய்யும். வெளிர் நிறம் முதலில், அடர்நிறம் பிறகு. மாறிப்போனால் மஞ்சள் குச்சி அழுக்காகும். துணியில் துடைத்துவிட்டுத் தொடரலாம். இரண்டு வேலைகளுக்கு இது நிகரற்றது. ஒன்று, பல நிறத்தை அழுத்திப் பூசி மேலே முழுக்கக் கறுப்பை ஏற்றி, தீர்ந்துபோன ரீஃபிலால் கீறுவது. இன்னொன்று, வெள்ளை பேஸ்டலில் வரைந்து அதன் மேல் நீர்த்த வாட்டர் கலரை ஓட விடுவது. எண்ணெய் பட்ட இடத்தில் நீர் நிற்காது, மறைந்திருந்த கோடு வெள்ளையாகத் தெரியும். இரண்டாவதற்குத் தாள் கெட்டியாக இருக்க வேண்டும்.

போஸ்டர் கலரும் வாட்டர் கலரும்

வாட்டர் கலர் வில்லைப் பெட்டி மலிவு, சிந்தாது, எடுத்து வைக்க எளிது. ஆனால் பள்ளிக்கு அது முதல் தேர்வு இல்லை. வாட்டர் கலரில் பிழையைத் திருத்த முடியாது. தாளின் வெள்ளையை முன்கூட்டியே திட்டமிட்டு விட வேண்டும். எட்டாம் வகுப்புக்கு அது நல்ல பயிற்சி, ஐந்தாம் வகுப்புக்கு மனச்சோர்வு. வில்லை வாங்கினால், தீட்டுவதற்கு முன் ஒவ்வொரு வில்லையிலும் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு ஒரு நிமிடம் ஊற விடச் சொல்லுங்கள். உலர்ந்த வில்லையைப் பிரஷால் குடைவதால்தான் நிறம் சோகையாக வருகிறது, பிரஷும் பாழாகிறது.

போஸ்டர் கலர் ஒளிபுகாதது. தவறினால் காய்ந்தபின் மேலே தீட்டித் திருத்தலாம். "திருத்தலாம்" என்பது பிள்ளையின் தயக்கத்தைப் போக்கும், அதனால் 4 முதல் 8 வரை இதுவே சரி. 10 மிலி புட்டிகள் அடங்கிய சிறு பெட்டிகளைத் தவிர்த்து, 500 மிலி புட்டியாக வாங்கிப் பகிர்ந்து கொடுங்கள். புட்டிக்குள் யாரும் பிரஷை விடக்கூடாது, தண்ணீரும் ஊற்றக்கூடாது. தண்ணீர் கலந்த புட்டி சில வாரத்தில் பூசணம் பிடித்து நாறும். ஸ்பூனால் எடுத்து, முட்டை அட்டையிலோ ஐஸ் டிரேயிலோ ஊற்றிக் கொடுக்கலாம். தயிர் பதம் சரியான பதம். அதைவிடக் கெட்டியாக அப்பினால் காய்ந்ததும் வெடித்து உதிரும்.

நிறங்களில் எதை வாங்குவது என்பதில் கவனம் வேண்டும். "சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா" என்று புத்தகம் சொல்கிறது. ஸ்கார்லெட்டையும் பிரஷ்யன் நீலத்தையும் கலந்தால் வருவது சேறு. ஸ்கார்லெட் ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்த சிவப்பு, பிரஷ்யன் பச்சைப் பக்கம் சாய்ந்த நீலம். இரண்டிலும் மஞ்சளின் சாயல் ஒளிந்திருப்பதால் மூன்று அடிப்படை நிறமும் சேர்ந்து மங்கிவிடுகின்றன. ஊதா வேண்டுமானால் ஊதாப் பக்கம் சாய்ந்த கிரிம்சன் சிவப்பும் அல்ட்ராமரைன் நீலமும். பளிச்சென்ற பச்சை வேண்டுமானால் லெமன் மஞ்சளும் பிரஷ்யன் நீலமும். அல்ட்ராமரைனோடு கலந்தால் ஆலிவ் பச்சைதான் வரும், மரங்களுக்கு அதுவே பொருத்தம். பணம் குறைவாக இருந்தால் லெமன் மஞ்சள், கிரிம்சன், அல்ட்ராமரைன், வெள்ளை, கறுப்பு ஐந்தோடு நிறுத்துங்கள். கலக்கும்போது வெளிர் நிறத்தில் அடர்நிறத்தைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். நீலத்தில் மஞ்சளைக் கொட்டினால் புட்டி தீர்ந்தாலும் பச்சை வராது.

சில பெட்டிகளில் வெளிர் ரோஜா நிறக் குச்சிக்கு "ஸ்கின்" என்று பெயர் இருக்கும். பிள்ளைகளும் "ஸ்கின் கலர் குடு" என்றே கேட்பார்கள். நம் வகுப்பில் எவருடைய தோலும் அந்த நிறம் இல்லை. தன் அம்மாவை அந்த நிறத்தில் தீட்டப் பழகும் பிள்ளை எதைக் கற்கிறது என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். ஐந்து நிறப் புட்டியில் இதற்கு நேரடி மருந்து இருக்கிறது. மஞ்சள் இரண்டு பங்கு, கிரிம்சன் ஒரு பங்கு சேர்த்தால் ஆரஞ்சு. அதில் அல்ட்ராமரைனைப் பிரஷ் நுனியளவு சேர்த்தால் பழுப்பு. பிறகு வெள்ளை சொட்டுச் சொட்டாக. ஒரு தாள் துண்டில் தீட்டிக் காயவைத்து, புறங்கையோடு வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள். ஈரத்தில் ஒப்பிட்டால் ஏமாறுவோம், காய்ந்தால் நிறம் மாறும். நாற்பது பிள்ளைகள், நாற்பது பழுப்பு. ஒவ்வொன்றும் தானே கண்டுபிடித்தது. ஓவிய வகுப்பால் என்ன பயன் என்று தலைமையாசிரியர் கேட்டால் அந்த நாற்பது துண்டுத் தாளையும் அவர் மேசையில் பரப்பலாம்.

அக்ரிலிக் கலரை எட்டாம் வகுப்புக்குக் கீழே தவிர்க்கவும். காய்ந்தால் சீருடையிலிருந்து போகாது, கழுவ மறந்த பிரஷ் அன்றோடு முடிந்தது. வண்ணக் கோலப்பொடியைத் தண்ணீரில் கரைத்துத் தீட்டும் வழக்கமும் வேண்டாம். என்ன சாயம் சேர்ந்தது என்று பாக்கெட்டில் இருக்காது, தூசி மூச்சில் போகும். எந்த வண்ணம் வாங்கினாலும் உறையில் "நான்-டாக்சிக்" என்ற சொல் மட்டும் போதாது. இஎன் 71 (ஐரோப்பியப் பொம்மைப் பாதுகாப்புத் தரம்), ஐஎஸ் 9873 (அதே போன்ற இந்தியத் தரம்), ஏபி முத்திரை (நச்சில்லை என்று சோதித்துத் தரும் அமெரிக்க முத்திரை) இவற்றில் ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

பிரஷ்

பெட்டியோடு இலவசமாக வரும் பிரஷைப் பெரும்பாலும் நம்ப வேண்டாம். முடி உதிரும், நுனி கூடாது. தனியாக நைலான் பிரஷ் வாங்குங்கள்: ரவுண்ட் 6 ஒன்று, ஃபிளாட் அரை அங்குலம் ஒன்று. நனைத்து உதறினால் ரவுண்ட் பிரஷின் நுனி ஊசியாகக் கூட வேண்டும். கடையிலேயே தண்ணீர் கேட்டுச் சோதிக்கலாம்.

பிரஷ் சாவது பெரும்பாலும் டம்ளரில்தான். தலைகீழாகத் தண்ணீரில் நிறுத்தினால் முடி வளையும், மரப்பிடி ஊறி உப்பும், தகரக் கழுத்து ஆடத் தொடங்கும். வகுப்பு முடிந்ததும் துணிசோப்பில் உள்ளங்கையில் சுற்றித் தேய்த்து, கழுத்தடியில் இருக்கும் வண்ணத்தை வெளியேற்றி, படுக்க வைத்து உலர்த்த வேண்டும். இரண்டு பிள்ளைக்கு இரண்டு டம்ளர்: ஒன்று அலச, ஒன்று நல்ல தண்ணீர். இது ஒன்றே பாதிப் படங்களைச் சேற்று நிறத்திலிருந்து காப்பாற்றும்.

களிமண்

காட்சிக்கலை என்றால் தாள் மட்டும் இல்லை. குயவரிடம் பதமான களிமண் கேட்டு வாங்கினால் பிள்ளைக்கு அரை கிலோ போதும், நாற்பது பேருக்கு 20 கிலோ. ஈரத்துணி சுற்றிப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் பல நாள் தாங்கும். கையில் ஒட்டினால் ஈரம் அதிகம், வளைக்கும்போது வெடித்தால் குறைவு. யானைக்குத் தும்பிக்கை கழன்று விழுவது எல்லா வகுப்பிலும் நடக்கும். ஒட்டும் இரண்டு முகத்தையும் குச்சியால் கீறி, குழைத்த சேற்றைத் தடவி அழுத்தினால்தான் பிடிக்கும். சுடாத பொம்மையை ஊறவைத்தால் மண் மறுபடியும் கிடைக்கும். பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகள் மற்றவர்களோடு சமமாக வேலை செய்வது இந்த வகுப்பில்தான். கடையில் விற்கும் எண்ணெய் கலந்த வண்ணக் களிமண் மழலையர் வகுப்புக்குச் சரி, பெரிய பிள்ளைகளுக்கு அது அளவு சிறிது, உறுதியும் போதாது.

வாங்க வேண்டாதவை: ஸ்கெட்ச் பேனா (அழுத்தத்துக்கு ஏற்ப நிறம் மாறாது, ஒன்றன் மேல் ஒன்று ஓடி மெல்லிய தாளைக் கிழிக்கும்), அச்சிட்ட படத்துக்கு வண்ணம் தீட்டும் புத்தகம், ஒட்டினால் முடிந்துவிடும் ரெடிமேட் கிராஃப்ட் பாக்கெட். கடைசியாகச் சொன்னதில் முடிவு எடுக்கும் வேலை முழுவதையும் கம்பெனியே செய்து முடித்திருக்கும்.

ஒரு வகுப்புக்கு ஒரு வருடக் கணக்கு

நாற்பது பிள்ளைகள், வருடத்தில் முப்பது ஓவிய வகுப்பு என்று வைத்துக்கொண்டால்: ஏ4 கார்ட்ரிட்ஜ் 1,000 தாள், ஏ3 500 தாள். 4பி பென்சில் 80. ஆயில் பேஸ்டல் 12 நிறம் 20 பெட்டி, இருவருக்கு ஒன்று. வெள்ளையும் கறுப்பும் முதலில் தீரும், கடையில் உதிரியாகத் தருவார்களா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். போஸ்டர் கலர் 500 மிலி புட்டி: வெள்ளை 3, மஞ்சள் 2, கிரிம்சன், அல்ட்ராமரைன், கறுப்பு தலா 1. மொத்தம் 4 லிட்டர், வண்ணம் தீட்டும் வகுப்பு எட்டுக்கு வரும், ஒரு படத்துக்கு ஆளுக்குச் சுமார் 12 மிலி. இரண்டு வகைப் பிரஷும் இருபது இருபது. மாஸ்கிங் டேப் பத்துச் சுருள். பழைய பருத்தித் துணி, ஒரு வாளி.

சென்னையில் தாளுக்குப் பாரிமுனை ஆண்டர்சன் தெரு. ரீம் கணக்கில் கேட்டால் அளவுக்கு வெட்டியும் கொடுப்பார்கள். வெட்டக் கொடுக்கும் முன் ஒரு தாளைக் கேட்டு வாங்கி, ஈர விரலால் பத்து முறை தேய்த்துப் பாருங்கள். திரி கிளம்பினால் வேறு கடை. பள்ளி முத்திரையோடு மொத்தமாக வாங்கும்போது ஜிஎஸ்எம் எண்ணைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். "டிராயிங் பேப்பர்" என்று மட்டும் எழுதினால் வருவது எதுவாகவும் இருக்கலாம்.

இதையெல்லாம் வாங்கிவிட்டு, ஓவியத்துக்கு நாற்பது நிமிடப் பாடவேளை ஒன்றை மட்டும் ஒதுக்கினால் வண்ணப் புட்டிகள் திறக்கப்படாமலே கிடக்கும். எடுத்து வைக்கப் பத்து நிமிடம், கழுவி அடுக்கப் பத்து நிமிடம் போனால் மிஞ்சுவது இருபது. வாரம் இரண்டு பாடவேளை இருக்கும் பள்ளிகள் அவற்றை அடுத்தடுத்து வைக்க வேண்டும். ஒன்றே இருந்தால் மதிய உணவுக்கு முந்தைய பாடவேளையாக வைக்கலாம். படங்கள் மேசையிலேயே காயும், பிரஷ் கழுவும் பிள்ளைகளுக்கு அடுத்த ஆசிரியர் வாசலில் நிற்கிறாரே என்ற அவசரம் இருக்காது.